திரையில் குடியும் மீட்சியும்: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பிறகு நூலகத்தில் மாதம் ஒரு படம் திரையிடும் பொறுப்பை நீ ஏற்றுக்கொண்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அடுத்த முறை குடிநோயைப் பற்றிய படம் ஒன்றைப் போட வேண்டும், எதைப் போடலாம் என்று கேட்டிருக்கிறாய். மறுவாழ்வு மையத்தில் ஆலோசகராகக் காலம் தள்ளுகிறவளிடம் இதைக் கேட்டால் ஒரு வரியில் பதில் வராது என்று தெரிந்தேதான் கேட்டிருப்பாய்.

முதலில், 'தேவதாஸ்' வேண்டாம். 1953-இல் வந்த அந்தப் படத்தில் நாகேஸ்வர ராவ் தள்ளாடுவதையும், கண்டசாலாவின் குரலில் 'உலகே மாயம்' ஒலிப்பதையும் குறை சொல்ல நான் யார்? ஆனால் அங்கே குடி ஒரு நோயாக வரவில்லை. காதலின் ஆழத்துக்குச் சாட்சி சொல்ல வருகிறது. எவ்வளவு குடிக்கிறானோ அவ்வளவு நேசித்தான் என்று பார்ப்பவர் எடுத்துக்கொள்கிறார். அதற்குப் பிறகு நம் கதாநாயகர்கள் பெண் கிடைக்காதபோதெல்லாம் பாட்டிலைத் தேடிப் போனதற்கு அந்த ஒரு படத்தை மட்டும் பழிப்பது நியாயமாகாது என்றாலும், வழி அங்கேதான் விழுந்தது. 'சலங்கை ஒலி'யில் போதையில் இருக்கும் கமல்ஹாசன் மழையில் கிணற்றின் மேல் ஆடும் ஆட்டத்தை இன்று போட்டாலும் நான் கண் கொட்டாமல் பார்ப்பேன். எங்கள் மையத்துக்கு வருகிறவர்களில் பலர், ஆண்டுக்கணக்கான குடியால் சிறுமூளை பாதிக்கப்பட்டு, வராந்தாவில் ஒரு கோட்டின் மேல் பத்தடி நேராக நடக்க முடியாமல் சுவரைப் பிடிக்கிறார்கள் என்பதையும் அதே நேரத்தில் நினைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

என் உண்மையான சண்டை வேறொன்றோடு. வீழ்ச்சியை இரண்டு மணி நேரம் பொறுமையாகக் காட்டுகிற படங்கள், மீட்சியை ஒரே பாடலில் முடித்துவிடுகின்றன. அம்மா அழுகிறாள், அல்லது குழந்தை ஒரு கேள்வி கேட்கிறது. நாயகன் பாட்டிலைச் சுவரில் அடித்து உடைக்கிறான். அடுத்த காட்சியில் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வேலைக்குப் போகிறான். இது வெறும் மிகை என்று விட்டுவிட முடியாது, ஆபத்தும் கூட. நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஆறு முதல் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி பேதலித்து, இல்லாத பூச்சிகளைச் சுவரிலிருந்து தட்டிவிடத் தொடங்குவார்கள். மருத்துவர் பக்கத்தில் இல்லாவிட்டால் உயிரே போகலாம். 'இன்றிலிருந்து தொட மாட்டேன்' என்று சாமி படத்தின் முன் சத்தியம் செய்து, அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்ளும் நாயகனைப் பார்த்துக் கைதட்டுகிற கூட்டத்தில், நாளை அதையே செய்து பார்க்கப்போகிறவரும் இருப்பார்.

வெளிநாட்டுப் படம் பரவாயில்லை என்றால் இரண்டைச் சொல்வேன். பில்லி வைல்டரின் 'தி லாஸ்ட் வீக்கெண்ட்' 1945-இல் வந்து நான்கு ஆஸ்கர்களைப் பெற்ற படம். அதில் நாயகன் பாட்டிலைக் கயிற்றில் கட்டி ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுவான். இன்னொன்றைக் கூரை விளக்கின் கிண்ணத்துக்குள் ஒளித்துவிட்டு, போதையில் எங்கே வைத்தோம் என்பதையே மறந்துபோவான். மையத்தில் நாங்கள் இதைத் திரையிட்டபோது ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். தான் குவார்ட்டரை மோட்டார் ரூமில், பழைய பெயிண்ட் டப்பாவுக்குள் வைத்திருந்ததாகச் சொன்னார். சட்டென்று அவர் மனைவி, 'அது எனக்குத் தெரியும்' என்றார். ஆனால் அந்தப் படமும் கடைசியில் சறுக்குகிறது: சிகரெட்டை மதுக் கோப்பைக்குள் போட்டுவிட்டு நாவல் எழுத உட்கார்ந்தால் நோய் போய்விடுமாம்.

1962-இல் பிளேக் எட்வர்ட்ஸ் எடுத்த 'டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோஸஸ்' அப்படி ஏமாற்றவில்லை. சாக்லேட் மட்டுமே விரும்பும் பெண்ணுக்குச் சாக்லேட் சுவையுள்ள மதுவைக் கணவனாகப் போகிறவனே பழக்குகிறான். பின்னாளில் அவன், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களுக்குப் போய் மீள்கிறான், அவளால் முடியவில்லை. மாமனாரின் செடி வீட்டில் ஒளித்துவைத்த பாட்டிலைத் தேடி ஜாக் லெமன் தொட்டி தொட்டியாக உடைக்கும் காட்சியைப் பலரும் புகழ்வார்கள். எனக்கோ கடைசி உரையாடல்தான் பெரிது. அவள் திரும்பி வர விரும்புகிறாள், ஆனால் இனி குடிக்கவே கூடாது என்பதை அவளால் ஏற்க முடியவில்லை. அவன் அவளை நேசித்துக்கொண்டே கதவைத் திறக்காமல் இருக்கிறான். நம் கதைகளில் அன்பு என்றால் கதவு திறந்தே ஆக வேண்டும்.

தமிழில்தான் வேண்டும் என்றால் 2025-இல் வந்த 'பாட்டல் ராதா'வைப் போடு. குரு சோமசுந்தரம் கட்டட வேலை செய்பவராக நடித்திருக்கிறார். மையத்துக்கு ஒரு தடவை போனதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று அந்தப் படம் சொல்லாததே எனக்குப் போதுமானது. எங்களிடம் இரண்டாம் முறை வருகிறவர் தலை குனிந்து வருவார். மறுபடி வழுக்குவது இந்த நோயில் சகஜம் என்று குடும்பத்துக்குப் புரியவைப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். மனைவியாக வரும் சஞ்சனா நடராஜனைக் கவனித்துப் பார். அவர் வெறும் கண்ணீர்ப் பாத்திரம் இல்லை.

குடும்பத்தின் பக்கம் கதை போவது நம் திரையில் அரிது. கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் சிகிச்சை மையம் தொடங்கி, குடும்பத்தினருக்கும் அதில் இடம் கொடுத்தார். திரையில் மனைவிக்கு இன்னமும் இரண்டே வேலைகள்: அழுவது, அல்லது கணவனுக்குத் தெரியாமல் ரசத்தில் மருந்து கலப்பது. குடித்தால் வாந்தி வரச் செய்யும் அந்த வகை மாத்திரையைக் குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுப்பது இதயத்துக்கே ஆபத்து என்பதை எத்தனை பெண்களிடம் சொல்லிவிட்டேன் என்று கணக்கே இல்லை.

ஒரு எச்சரிக்கை. பார்க்க வருகிறவர்களில் அண்மையில் குடியை விட்டவர்கள் இருந்தால், ஊற்றும் காட்சிகளில் ஒலியைக் குறைத்துவிடு. திரையின் ஓரத்தில் ஓடும் எச்சரிக்கை வாசகத்தை யாரும் படிப்பதில்லை. ஐஸ் கட்டி டம்ளரில் விழும் சத்தமோ நேராக நாக்குக்குப் போய்விடும். அந்த இடம் வந்ததும் எழுந்து வெளியே போகிறவரை யாரும் தடுக்க வேண்டாம்.

தேதி முடிவானதும் எழுது. படம் முடிந்தபின் பேசுவதற்கு குடிநோயாளிகளின் குடும்பத்தினர் கூடும் எங்கள் ஊர் அல்-அனான் கூட்டத்திலிருந்து இரண்டு பெண்கள் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்தக் கூடாது, மேடையில் ஏற்றக் கூடாது, பொன்னாடை கூடவே கூடாது என்பவை அவர்களுடைய நிபந்தனைகள். உங்கள் நூலகத் தலைவரிடம் இந்தப் பொன்னாடை விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவை.

அன்புடன்,
கோமதி