எங்கள் தெருக் குடியிருப்போர் நலச் சங்கம், குன்னூர்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்கள் இதை நம் வலைத்தளத்தில் படித்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

இந்த ஆண்டு செயற்குழுவை ஒன்பது முறை கூட்டினேன். நான்கு முறை கூடியது. மற்ற ஐந்து முறையும் கோரம் இல்லாமல், அதாவது கூட்டம் நடத்தப் போதுமான ஆள் வராமல், தலைவரும் நானும் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டு நாளும் கொடியேற்றினோம். பொங்கல் கோலப் போட்டி நடந்தது. கீழ்ப் படிக்கட்டின் கைப்பிடிக்கு வர்ணம் அடித்தாயிற்று. காட்டெருமை உடைத்த வேலி சரிசெய்யப்பட்டது; மறுபடியும் உடைந்திருக்கிறது.

இனி வலைத்தளம். இதைப் பற்றித் தெருவில் பலவிதமாகப் பேசிக்கொள்வதால் நடந்ததை முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

மளிகைக் கடை வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையின் நிலை உங்களுக்குத் தெரியும். ஐப்பசி வந்தால் காகிதம் ஊறி, மை வழிந்து, செவ்வாயா வியாழனா என்று ஆளாளுக்கு ஒன்று படிப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாதா என்று கேட்டார்கள். போட்டுப் பார்த்தேன். தண்ணீர் திறக்கும் நாள் ‘காலை வணக்கம்’ ரோஜாப்பூக்களுக்கு அடியில் புதைந்துவிட, பத்து மணிக்கு “இன்னைக்குத் தண்ணி உண்டா சார்?” என்று போன் வரும். மே 7 முதல் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்றானதும், சொந்தக்காரர்களை அழைத்திருந்த எல்லா வீட்டிலிருந்தும் ஒரே கேள்வி. ஒரே பதிலை எத்தனை முறைதான் தட்டுவது?

வலைத்தளம் வைக்க வெளியாளிடம் விலை கேட்டோம். அவர் சொன்ன தொகை நம் இரண்டு வருடச் சந்தாவுக்கு மேல். தவிர, ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். நமக்கெல்லாம் வேர்டில் கடிதம் அடிக்கத் தெரியும், எக்செலில் கட்டம் போடத் தெரியும். அதையே தளமாக்கினால் என்ன என்று தோன்றியது.

முதலில் வேர்டிலேயே வலைப்பக்கமாகச் சேமித்து ஏற்றினேன். எழுத்து வந்தது, சிம்ஸ் பார்க் படம் வரவில்லை; அந்த இடத்தில் வெறும் கட்டம். வேர்டு படங்களைப் பக்கத்திலேயே தனி ஃபோல்டரில் வைக்கிறது, அதையும் சேர்த்து ஏற்ற வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஒரு வார்த்தை மாற்றினாலும் மறுபடி சேமித்து மறுபடி ஏற்ற வேண்டும். அதை விட்டுவிட்டேன்.

இப்போது இருப்பது கூகுள் டாக்ஸும் ஷீட்ஸும்; இணையத்திலேயே இருக்கும் வேர்டும் எக்செலும் மாதிரி. ஃபைல் மெனுவில் ‘பப்ளிஷ் டு வெப்’ என்று ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் அந்த ஆவணமே ஒரு வலைப்பக்கம் ஆகிவிடும், முகவரியும் கிடைக்கும். பிறகு நாம் ஆவணத்தில் திருத்தினால் சில நிமிடங்களில் பக்கமும் தானே மாறும். இப்படியானவற்றை, தளம் அமைக்க கூகுள் தரும் சைட்ஸில் ஒன்றாகக் கோத்திருக்கிறேன். “யாராவது உள்ளே புகுந்து கெடுத்துவிட்டால்?” என்று துணைத்தலைவர் கேட்டார். பப்ளிஷ் செய்தது பார்ப்பதற்கு மட்டும். திருத்தும் உரிமை நாம் பெயர் சொல்லிக் கொடுத்தவர்களுக்குத்தான். ஆறு பேருக்குக் கொடுத்திருக்கிறேன். ஆறு பேரில் இதுவரை உள்ளே வந்தவர் யார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தண்ணீர் அட்டவணையில் முதல் மாதமே அடி வாங்கினேன். நவம்பர் 5 என்ற எண்ணத்தில் 5/11 என்று அடித்தேன். அது மே 11 என்று எடுத்துக்கொண்டது. 13/11 அடித்தால் தேதியாகவே ஏற்கவில்லை, பதின்மூன்றாவது மாதம் ஏது? ஆகப் பாதித் தேதிகள் கட்டத்தின் வலது ஓரம், பாதி இடது ஓரம். வரிசைப்படுத்தியதும் நம் கீழ்த்தெரு மேமாதத்துக்குப் போய்விட்டது. ஷீட்டின் செட்டிங்ஸில் நாடு அமெரிக்கா என்று இருப்பதைக் கண்டுபிடித்து இந்தியாவாக மாற்றிக் கொடுத்தது மேல்வீட்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி. அவசர எண்கள் பட்டியலில் நம் ஊர் தொலைபேசிக் குறியீடு 0423 என்று அடித்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போவதற்கும் அவளே வழி சொன்னாள்: அந்த நெடுவரிசையை முதலிலேயே எண் அல்ல, எழுத்து என்று சொல்லிவிட வேண்டும்.

விதிமுறைப் புத்தகம் இன்னொரு கதை. பழைய வேர்டு கோப்பு பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்திருக்கிறது, அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத போனில் வேஷம் கலைந்துவிடும். ‘சங்கம்’ என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் இரண்டு அரைப்புள்ளியுமாக நின்றது. மெய்யெழுத்தின் புள்ளி இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளி. எந்தக் கருவியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடுக்குத் தமிழக அரசு 2010-லேயே ஆணை போட்டுவிட்டது. நம் சங்கம் 2024-ல் வந்து சேர்ந்திருக்கிறது. பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் போட்டு எடுத்து, பதினைந்து பக்கத்தையும் வரி வரியாகப் பிழை பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, நம் விதி 9-இன்படி தொடர்ந்து மூன்று செயற்குழுக் கூட்டத்துக்கு வராதவர் பதவி இழப்பார். தகவலுக்காகச் சொல்கிறேன்.

இனி பிப்ரவரியில் நடந்த விஷயம். தண்ணீர் அட்டவணை இருந்த அதே ஷீட்டில் ‘பாக்கி’ என்று இன்னொரு தாள் வைத்திருந்தேன். அட்டவணையைப் புதிதாகப் பப்ளிஷ் செய்தபோது, அந்த ஒரு தாளை மட்டும் தேர்ந்தெடுக்காமல் முழு ஆவணத்தையும் வெளியிட்டுவிட்டேன். சந்தா கட்டாத 31 வீடுகளின் பெயரும் தொகையும் மூன்று நாள் உலகத்துக்கே தெரிந்தது. வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்கிறார்கள். இல்லை. கவனக்குறைவு, என்னுடையது. அதிலும் ஒருவர் டிசம்பரிலேயே கட்டியவர்; ரசீது புத்தகத்திலிருந்து நான் பதியவில்லை. அவர் வீட்டுக்கு என் மனைவியோடு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்தார், ஆனால் பேசவில்லை. இப்போது பாக்கிக் கணக்கு தனிக் கோப்பில், யாருக்கும் பகிராமல் இருக்கிறது. வெளியே போகக்கூடாதது, வெளியே போகும் கோப்பில் இன்னொரு தாளாகக்கூட இருக்கக்கூடாது.

அந்த மூன்று நாளில் ஒன்பது வீடுகள் சந்தா கட்டின என்பதையும் பதிவு செய்வது என் கடமை. அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் வீடு வீடாக நடந்து நான் வாங்கியது நான்கு. வருடத்துக்கு 600 ரூபாய், மாதத்துக்கு ஐம்பது. கட்ட முடியாதவர்கள் சொன்னால் சங்கம் புரிந்துகொள்ளும். மாடியில் இரண்டு அறையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுபவர்கள் சொல்லும்போதுதான் புரிந்துகொள்ளச் சிரமமாக இருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பொதுவாகச் சொன்னால் வரவுக்குள் செலவு அடங்கியது. வேலிச் செலவில் கொஞ்சம் கைமாற்று இருக்கிறது. தளத்துக்குச் செலவு டொமைன் பெயருக்கு, அதாவது தளத்தின் சொந்த முகவரிக்கு மட்டும்தான், ஆயிரத்துக்குள். அதுவும் இந்த ஆண்டு என் கையிலிருந்து. திருப்பிக் கேட்கவில்லை.

கூட்டத்துக்கு இடம் தந்த பள்ளிக்கும், நாற்காலி தந்தவருக்கும், பலகைக்கு இன்னும் வாடகை கேட்காத மளிகைக்கடை அண்ணனுக்கும், மேல்வீட்டு மாணவிக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு ஒன்று. நான் சொன்ன அந்த ஆறு பேரில், ஆவணத்தின் திருத்த வரலாற்றின்படி உள்ளே வந்தவர் ஒருவர். அவரும் தன் வீட்டுப் பெயரில் எழுத்துப்பிழை திருத்தவே வந்தார். வாரத்துக்கு நான்கு கட்டம் நிரப்பும் வேலைதான், ஐந்து நிமிடம் ஆகாது. கட்டங்களை ஒன்றாக இணைக்காதீர்கள், ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நடுவில் கொண்டுவராதீர்கள், அது போதும். எனக்கு ஜூனில் கோயம்புத்தூரில் கண் அறுவைச் சிகிச்சை இருக்கிறது. இரண்டு மாதம் திரையைப் பார்ப்பேனா என்று சொல்ல முடியாது. கடவுச்சொல்லை உறையில் ஒட்டித் தலைவரிடம் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. உறை எங்கே என்று இதுவரை யாரும் அவரைக் கேட்கவில்லை. ஜூன் மாதத் தண்ணீர் அட்டவணையைத் தேதியோடு போட்டு, தெருப் பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன். கிழமை மட்டும் காலியாக இருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்