குட்டையில் நீ பார்த்தது பல்லி அல்ல

கோத்தகிரி
ஜூன் 18

அன்புள்ள முருகேசா,

டார்ஜிலிங்கிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. இங்கே மழை பிடித்துக்கொண்டதில் தபால்காரர் ஏறி வருவதே பெரும்பாடு.

தேயிலைத் தோட்டத்துக் குட்டையில் வழவழப்பான பல்லி ஒன்று நீந்தியது, நம் பக்கம் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லையே என்று கேட்டிருந்தாய். அது சாலமாண்டர், தவளைக்குப் பங்காளி. இந்தியாவில் கிழக்கு இமயமலையிலும் வடகிழக்கு மாநிலங்களிலும்தான் அதைப் பார்க்க முடியும். நீலகிரியிலும் தேயிலை உண்டு, குட்டை உண்டு, குளிர் உண்டு. சாலமாண்டர் மட்டும் கிடையாது.

அதன் பழைய புதைபடிவங்கள் கஜகஸ்தான், சீனா என்று வடக்கேதான் அகப்படுகின்றன. கிர்கிஸ்தானில் கிடைத்த ட்ரையாசூரஸ் என்ற ஆதி சாலமாண்டர் சுமார் 23 கோடி ஆண்டுப் பழையது. நம் நிலம் அன்று தெற்கே ஆப்பிரிக்காவோடும் மடகாஸ்கரோடும் ஒட்டிக் கிடந்தது. பிரிந்து நகர்ந்து ஆசியாவில் முட்டிய பிறகுதான் சாலமாண்டருக்கு வழி திறந்திருக்க வேண்டும். அந்தத் தெற்கு நிலத்தோடேயே வந்த மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளைக்கோ நெருங்கிய சொந்தம் செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறது!

இன்னொன்று சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. 1726-இல் ஷாய்க்ஸர் என்ற சுவிஸ் மருத்துவர், ஜெர்மனியின் ஓனிங்கனில் கல்லில் பதிந்திருந்த ஓர் எலும்புக்கூட்டைப் பார்த்து, பைபிளில் வரும் நோவா காலத்து வெள்ளத்தில் மாண்ட மனிதன் என்று எழுதினார். அந்தக் கல் பிறகு ஹாலந்தின் ஹார்லெம் நகர அருங்காட்சியகத்துக்குப் போனது. 1811-இல் அங்கே வந்த பிரெஞ்சு விலங்கியலாளர் க்யூவியே, சாலமாண்டர் எலும்புக்கூட்டின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கல்லைச் செதுக்கினார். முன்கால்கள் எங்கே இருக்கும் என்று நினைத்தாரோ அங்கேயே வெளிப்பட்டன. ராட்சத சாலமாண்டர்! உளி வைப்பதற்கு முன்பே முடிவைச் சொல்லிவிட்ட அந்தத் துணிச்சல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கால் வராமல் போயிருந்தால் அவர் சொன்னது எல்லார் கண்முன்னும் பொய்த்திருக்கும். ஷாய்க்ஸர் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. எலும்பை உற்றுப் பார்த்து, தனக்குத் தெரிந்த கதையில் அதற்கு ஓர் இடம் தேடிய மனிதர். அந்த விலங்கின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் நிற்கிறது. அதன் உறவினங்கள் சீனாவிலும் ஜப்பானிலும் ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்து ஆறுகளில் திரிகின்றன.

வீட்டுக்குப் பின்னால் சோலை ஓரத்துப் புதர்த்தவளைகள் டிக் டிக்கென்று தொடங்கிவிட்டன. இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளைதான்.

மறுபடி அந்தக் குட்டைப் பக்கம் போனால் ஒன்று பார்த்து எழுது. முதுகின் இரு ஓரங்களிலும் வரிசையாக முண்டு முண்டாக இருக்கிறதா? கையில் மட்டும் எடுக்காதே, மெல்லிய தோல்.

அன்புடன்,
ராஜு