பேடுக்கு வாங்கிய சான்றிதழை ஜாக்கெட்டுக்குக் காட்டாதீர்கள்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: சிஇ சான்று (ஐரோப்பியப் பாதுகாப்புத் தரச் சான்று) பெற்றது என்று விற்ற பைக் ரைடிங் ஜாக்கெட்டுக்கு அந்தச் சான்று இல்லாதது, முழுத் தொகையையும் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

ஏப்ரல் மாதம் உங்கள் இணையதளத்தில் 8,499 ரூபாய்க்குக் கறுப்பு மெஷ் ஜாக்கெட் ஒன்று வாங்கினேன். பில், போட்டோக்கள், உங்கள் ஆட்களோடு நடந்த சாட் எல்லாம் இணைப்பில் இருக்கின்றன. இது என் மூன்றாவது புகார். முதல் இரண்டுக்கும் வந்த பதில்கள் நான் கேட்டதைத் தொடவே இல்லை. அதனால் இந்த முறை கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆம்பூரிலிருந்து வேலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பள்ளிகொண்டா தாண்டி சர்வீஸ் ரோட்டில் இறங்கினால், வளைவில் ஏதோ லாரி சிந்திய எம்-சாண்ட் படர்ந்து கிடந்தது. வேகம் 40-க்குள்தான். முன்சக்கரம் வழுக்கி, இடப்பக்கமாக விழுந்து மூன்று நான்கு மீட்டர் தேய்த்துக்கொண்டே போனேன். எழுந்து பார்த்தபோது ஜாக்கெட்டின் இடது கையில் முழங்கையிலிருந்து கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தையல் வாயைப் பிளந்திருந்தது. அடியைத் தாங்க முழங்கையில் இருக்க வேண்டிய பேட் சுழன்று கையின் உள்பக்கத்துக்கு வந்துவிட்டிருந்தது. பேடில் ஒரு கீறல் கிடையாது. முழங்கையில்தான் தோல் கிடையாது.

விழுந்தால் அடிபடும், ஜாக்கெட்டும் கிழியும். அதற்காக மட்டும் என்றால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். தைக்க முடியுமா என்று எங்கள் தெரு டெய்லர் பாயிடம் கொடுத்தேன். அவர் ஜாக்கெட் கையைத் திருப்பிப் போட்டு, பிரிந்த இடத்தில் நகத்தால் நூலை நெம்பிப் பார்த்தார். "ஒத்தைத் தையல் சார். மேல் தையலே போடலை. மழைக்கோட்டுக்குத்தான் இப்படி அடிப்பாங்க" என்றார். லைனிங்கைப் புரட்டிய பிறகுதான் நானும் லேபிளை ஒழுங்காகப் படித்தேன். துவைக்கும் முறை இருக்கிறது, சைஸ் இருக்கிறது. பைக் உடைகளுக்கான ஐரோப்பியத் தரத்தைக் குறிக்கும் இஎன் 17092 என்ற எண் எங்கும் இல்லை. பைக் ஓட்டுபவர் படம் போட்ட அந்தச் சின்னப் பெட்டியும் இல்லை, பிரிவைச் சொல்லும் எழுத்தும் இல்லை.

வாங்கும் முன் உங்கள் சாட்டில் கேட்டேன், எந்தப் பிரிவு என்று. "ஏஏ சார், சிஇ சர்ட்டிஃபைடு" என்று பதில் வந்தது. ஏஏ என்றால் என்ன என்பது பதில் சொன்னவருக்குத் தெரியாமல் இருக்கலாம், நிறுவனத்துக்குத் தெரியாமல் இருக்க முடியாது. 2020-இல் வந்த இஎன் 17092-இல் ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி என்று பிரிவுகள். துணியைச் சுழலும் கருவியில் மாட்டி, சுற்றவிட்டு, கான்கிரீட் பலகையின் மேல் இறக்கித் தேய்ப்பார்கள். அதிகம் தேயக்கூடிய பகுதிகளுக்கு ஏஏஏ-வில் நிமிடத்துக்கு 707 சுற்று, ஏஏ-வில் 412, ஏ-வில் 265. தையல் எவ்வளவு இழுவை தாங்கும், துணி எவ்வளவில் கிழியும் என்பதற்கும் தனிச் சோதனைகள் உண்டு. பாய் நகத்தால் நெம்பிய தையல் இதில் எதைத் தாண்டியிருக்கும்? ஊருக்குள் ஓட்ட ஏ போதும் என்று சொல்லியிருந்தால் அதையே சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

முதல் புகாருக்குப் பதிலாக ஒரு பிடிஎஃப் அனுப்பினீர்கள். திறந்து பார்த்தேன். அது பேடின் சான்றிதழ். பேட் செய்த வேறொரு கம்பெனியின் பெயர், பேடின் மாடல் எண், பேடுகளுக்கான தரமான இஎன் 1621-1, லெவல் 1. அதாவது 50 ஜூல் அடி விழும்போது அந்தப் பக்கம் போய்ச் சேரும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்குள் நிற்கும். நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் பேடை இடத்தில் பிடித்து வைக்க வேண்டியது ஜாக்கெட். அது பிரிந்துவிட்டால் பேட் எந்த லெவலாக இருந்து என்ன?

நான் ராணிப்பேட்டையில் ஏற்றுமதி ஷூ கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். தோலில் குரோமியம்-VI என்ற நச்சு வகை ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பதற்காக ரிப்போர்ட் வரும்வரை பெட்டிகளைக் கட்டி வைத்துக் காத்திருக்கிறோம். அந்த ரிப்போர்ட் எந்தத் தோலுக்கு எடுத்ததோ அந்தத் தோலுக்குத்தான் செல்லும். ஷூவின் பக்கிளுக்கு வாங்கிய ரிப்போர்ட்டைக் காட்டி ஷூவை அனுப்பினால் கன்டெய்னர் அப்படியே திரும்பி வரும். நீங்கள் எனக்குச் செய்தது அதுதான்.

இன்னும் இரண்டு விஷயம், பேடைக் கழற்றியபோது கண்ணில் பட்டவை. முதுகில் "பேக் புரொடெக்டர்" என்று விளம்பரப்படுத்தியது வெறும் ஃபோம். அதில் முதுகுப் பேடுக்கான தரமான இஎன் 1621-2 என்றோ வேறு எதுவுமோ அச்சாகவில்லை. விரலால் அமுக்கினால் மறுபக்கம் விரல் தெரிகிறது. தோள், முழங்கை பேடுகளில் டி+ குறி இல்லை. 40 டிகிரி வெப்பத்தில் சோதித்ததற்கான குறி அது, கட்டாயமில்லை என்பதும் தெரியும். ஆனால் "இந்திய வெயிலுக்கென்றே செய்தது" என்று எழுதியிருக்கிறீர்களே, மே மாதம் வேலூருக்கு வந்து பாருங்கள்.

இரண்டாவது புகாருக்கு, ஐரோப்பியத் தரம் இந்தியாவில் கட்டாயமில்லை என்று பதில் எழுதினீர்கள். சரி, ஹெல்மெட்டுக்கு ஐஎஸ் 4151 என்ற இந்தியத் தரத்தைக் கேட்பது மாதிரி இதைச் சட்டம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நீங்களாகத்தான் போட்டுக்கொண்டீர்கள். இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது.

அப்புறம் ஒன்று. அந்தப் பதில் வந்த மறுநாள் உங்கள் விளம்பரத்தில் "சிஇ சான்று பெற்ற ஜாக்கெட்" என்பது "சிஇ சான்று பெற்ற பேடுகளுடன் கூடிய ஜாக்கெட்" என்று மாறியிருந்தது. மாற்றியது நல்லதுதான். பழையதன் ஸ்க்ரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது, தேதியோடு.

எனக்கு வேண்டியது 8,499 ரூபாயும், சிகிச்சைக்கு ஆன 2,150 ரூபாயும். கூப்பன் வேண்டாம், வேறு மாடலும் வேண்டாம். விளம்பரம் மாறுவதற்கு முன் இதே ஜாக்கெட்டை வாங்கிய மற்றவர்களுக்கும் ஜாக்கெட்டுக்குச் சான்று இல்லை என்று மெயில் அனுப்புங்கள். அவர்களில் பலர் ஏலகிரி கொண்டை ஊசி வளைவுகளில் இதை நம்பித்தான் சாய்ந்துகொண்டிருப்பார்கள். இல்லை, ஜாக்கெட்டுக்கே இஎன் 17092 சான்று இருக்கிறது என்றால், இந்த மாடல் எண் போட்டதை அனுப்புங்கள். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

15 நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் இல்லையென்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போடுவேன். வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

ஜாக்கெட்டை "ஆய்வுக்காக" கூரியரில் அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். மன்னிக்கவும், பணம் வரும்வரை அனுப்புவதாக இல்லை. பார்க்க வேண்டுமென்றால் ஆளை அனுப்புங்கள். பாய் கடையில் ஆணியில் தொங்குகிறது, தைக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில், சாட் பதிவு, விளம்பரத்தின் பழைய, புதிய ஸ்க்ரீன்ஷாட்டுகள், கிழிந்த கை, லேபிள், முதுகு ஃபோம் ஆகியவற்றின் போட்டோக்கள், மருத்துவச் செலவு ரசீது.