மாடிவீட்டுப் பெயர்கள்

கொழும்பு 13
17.08.2025

அடி வாயாடி,

சுகம்தானே? அண்ணாவுக்குச் சீனி கட்டுப்பாட்டுக்கு வந்துவிட்டது என்று உன் தங்கை சொன்னாள். சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். மீன்கடை மாமிக்கு மட்டும் முழங்கால் இன்னும் சரியில்லை. ஆனாலும் ஆடிவேலுக்குச் செட்டியார் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தேரைப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினார். பச்சைக்குடை அப்படியேதான் இருக்கிறார். அதே குடை.

உனக்கு எழுதாமல் இருந்தது நேரமில்லாமல் அல்ல. உன் மாடிவீட்டில் வாடகைக்கு இருக்கிறவர்களின் பெயரை வாக்காளர் இடாப்பில் பதியச் சம்மதம் கேட்டதற்கு, ஜூன் மாதம் வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய அந்த ஒரு வரிதான் காரணம். "என் வீட்டு விஷயம், நீ தலையிடாதே." நாற்பது வருடச் சிநேகிதத்தில் நீ என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. நெட்டை டீச்சரின் சைக்கிள் விவகாரத்தில்கூடச் சொல்லவில்லை. பதிலை மூன்று தரம் தட்டினேன், மூன்று தரமும் அழித்தேன். போனில் கதைத்தால் நீ கத்துவாய், நானும் கத்துவேன், அண்ணா நடுவில் போனை வாங்கி "கொழும்பில் மழையோ?" என்று கேட்பார். அதனால்தான் கடிதம். முழுதும் வாசி. பாதியில் தேத்தண்ணீர் போட எழுந்து போகாதே.

மே 6, செவ்வாய்க்கிழமை, தேர்தல் அன்று நடந்ததை உனக்கு நான் ஒழுங்காகச் சொல்லவே இல்லை. காலை ஏழு மணிக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். எத்தனை காலம் காத்திருந்த தேர்தல்! 2023 மார்ச் 9 என்று நாள் குறித்தார்கள், பிறகு ஏப்ரல் 25 என்றார்கள், பிறகு காசில்லை என்று கையை விரித்தார்கள். போன வருடம் ஆகஸ்டில் உயர் நீதிமன்றம், அந்தத் தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அசைவு தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு மேலாகக் கொழும்பு மாநகர சபையில் ஓர் உறுப்பினர்கூட இல்லை. ஆணையாளரும் அதிகாரிகளும்தான். எங்கள் முடுக்கின் கானில் மூடி உடைந்து, பாய் வீட்டுப் பையன் கால் மாட்டிக்கொண்டானே, அதைச் சொல்ல வட்டாரத்துக்கென்று ஆளில்லை. அந்த இரண்டு வருடத்தில்தான் மாநகர சபைத் தேர்தல் என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது.

வரிசையில் எனக்கு முன்னால் உன் மாடிவீட்டுத் தையல்காரப் பிள்ளை நின்றாள். தலை நனைய எண்ணெய் வைத்து, நல்ல சேலை உடுத்தி, கையில் அடையாள அட்டை. வாக்காளர் அட்டை வரவில்லை, ஆனால் ஐடென்டிட்டி இருந்தால் போதும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இடாப்பில் பெயர் இருந்தால் அது சரிதான். உள்ளே இருந்தவர் தாளைப் புரட்டினார், இன்னொரு தரம் புரட்டினார், "பெயர் இல்லையம்மா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவள் ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, என்னைப் பார்க்காமல் வெளியே போனாள். நான் புள்ளடி போட்டுவிட்டு விரலில் மையோடு வந்தபோது கேற்றுக்கு வெளியே நின்று, "அக்கா, நான் ஆறு வருஷமா இங்கதானே இருக்கேன்?" என்று கேட்டாள். அவளுக்கே அதில் சந்தேகம் வந்துவிட்டது போலக் கேட்டாள்.

பிறகு விசாரித்தேன். அவளும் புருஷனும் மஸ்கெலியாப் பக்கம். அவன் புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை. ஊரில் இடாப்புத் திருத்தும்போது "இவர்கள் இங்கே இல்லை" என்று பெயரை வெட்டிவிட்டார்கள். அது நியாயம்தான், அவர்கள் அங்கே இல்லை. ஆனால் இங்கே யாரும் சேர்க்கவில்லை. இங்கே உன் வீட்டுக்கான இடாப்புப் படிவத்தில் உன் தம்பியின் பெயர் இருக்கிறது. அவன் பிறிஸ்பேனுக்குப் போய் எத்தனை வருடம்? வீட்டில் இல்லாதவனுக்கு வாக்கு இருக்கிறது, இருக்கிறவளுக்கு இல்லை. உன்னைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. கேற்றடியில் அவள் கேட்டதிலிருந்து எனக்கு நித்திரை ஒழுங்காக இல்லை, அதுதான்.

அதற்குப் பிறகு நானும் மாமியும் பாய் வீட்டு உம்மாவும் பூக்கடை அக்காவும் ஒரு கொப்பி எடுத்துக்கொண்டு முடுக்கு முழுதும் நடந்தோம். மாலை ஆறு மணிக்குப் பிறகுதான் போகலாம், பகலில் எல்லோரும் வேலை. முப்பத்தொரு வாசல். ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்வி: இங்கே படுத்து எழும்புகிற, பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட ஆட்கள் யார், அவர்களில் யாருடைய பெயர் இடாப்பில் இருக்கிறது? ஒன்பது வாசலில் வாடகைக்காரர் பெயர் இல்லை. ஒன்பதிலும் கதை ஒன்றுதான். வீட்டுக்காரர் தன் குடும்பத்தை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். வாடகைக்கு இருக்கிறவர்களுக்குப் படிவம் ஒன்று வந்துபோனதே தெரியாது. பூக்கடை அக்கா சிங்களத்தில் கேட்டார், உம்மாவும் நானும் தமிழில் கேட்டோம், பதில் எந்தப் பாஷையிலும் மாறவில்லை: "வீட்டுக்காரர் விரும்பமாட்டார்."

உன் பயம் எனக்குத் தெரியாதென்று நினைக்காதே. வாடகைக்காரர் விடாத வெள்ளவத்தை வீட்டுக்காக உன் அப்பா பைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு புதுக்கடைக் கோட்டுக்கு நடந்தது எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் என்றாலே உங்கள் வீட்டில் யாரும் சோறு தின்னமாட்டீர்கள். அந்த வீடு கைக்கு வரும்போது அப்பா இல்லை. அதையெல்லாம் கூட இருந்து பார்த்தவள் நான். ஆனால் வாக்காளர் இடாப்பு வீட்டு உறுதிப் பத்திரம் அல்லடி. ஒரு ஆள் வழமையாக எங்கே வசிக்கிறார் என்பதுதான் அதற்குத் தேவை, வீடு யாருடையது என்பது அல்ல. இரண்டு சட்டத்தரணிகளிடம் கேட்டுவிட்டேன், ஒருவர் உன் மச்சாள். இடாப்பில் பெயர் ஏறியதால் மட்டும் யாரும் வீட்டுக்குச் சொந்தக்காரராக மாட்டார்கள் என்று இருவரும் சொன்னார்கள். உன்னைக் காப்பாற்றுவது நொத்தாரிசு எழுதிய குத்தகை ஒப்பந்தம். அது உன் அலுமாரியில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்காதே. சண்டைக் காலத்தில் வீட்டில் யார் தங்கினாலும் பொலிஸ் பதிவுத் தாளில் பெயர் எழுதிக் கொடுத்தோமே, நினைவிருக்கிறதா? ஒரு இரவுக்கு வந்த சித்தப்பாவின் பெயரைக்கூட எழுதினோம். அப்போது எந்த வீட்டுக்காரரும் "வாடகைக்காரர் பெயர் தரமாட்டேன்" என்று சொல்லவில்லை. 2007 ஜூன் 7 விடியப்புறம் லொட்ஜுகளில் இருந்த தமிழர்களை பஸ்ஸில் ஏற்றினார்களே, 376 பேர், உன் சித்தி மகனும் அதில் ஒருவன். "கொழும்பில் நிற்க உனக்கு என்ன காரணம்?" என்று கேட்டார்களாம். மறுநாள் உயர் நீதிமன்றம் நிறுத்தச் சொல்லித் தடையுத்தரவு போட்டது. அவன் வவுனியாவிலிருந்து திரும்பி வந்து உன் குசினியில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், ஒரு வாயும் வைக்கவில்லை. ஒருவரை விரட்டுவதற்காக எழுதிய பட்டியலில் எங்கள் ஆட்களின் பெயரெல்லாம் ஒழுங்காக இருந்தது. அவர்கள் இந்த ஊர்க்காரர் என்று சொல்லும் பட்டியலில் பெயர் எழுத மட்டும் நாம் யோசிக்கிறோம்.

அம்மாவைப் பற்றி நான் எழுதாமலே நீ நினைத்திருப்பாய். தாத்தா 1947 தேர்தலில் பொகவந்தலாவையில் வாக்களித்தவர். அடுத்த வருடம் தோட்டத்து ஆட்களின் பிரசாவுரிமையைப் பறித்த சட்டம், அதற்கடுத்த வருடம் வாக்கையும் பறித்த தேர்தல் சட்டத் திருத்தம். 1952இல் தேர்தல் வந்தபோது லயத்தில் வாக்காளர் என்று எவரும் மிஞ்சவில்லை என்று அம்மா சொல்வார். அம்மா பிறந்தது 1944. அப்பாவைக் கட்டிய பிறகு விண்ணப்பித்திருக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள், ஆனால் கையில் எந்தத் தாளும் இல்லை, கச்சேரி வாசல் என்றாலே பயம். கடைசியில் 2003இல் வந்த சட்டத்தால்தான் பிரசையானார். 2005 நவம்பர் 17, ஜனாதிபதித் தேர்தல். அறுபத்தொரு வயதில் முதல் வாக்கு. கூறைச் சேலையை எடுத்து உடுத்துக்கொண்டு போனார். நீயும்தானே கூட வந்தாய், நீதானே கொண்டைக்குப் பூ வைத்துவிட்டாய். அன்று மை வைத்த விரலை அம்மா இரண்டு நாள் தண்ணீர் படாமல் தூக்கியே வைத்திருந்தார். தையல்காரப் பிள்ளை தன் நல்ல சேலையோடு வெளியே வந்தபோது எனக்கு என்ன நடந்திருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீ கேட்கலாம், அவள் வாக்குக்காகவா இதைக் கேட்கிறாள் என்று. பிள்ளைக்கு நாலு வயது. முதலாம் ஆண்டு அனுமதிக்கு இடாப்பில் பெயர் இருந்தால் புள்ளி. அதற்காகவும்தான் கேட்கிறாள். அதில் என்ன பிழை? பள்ளிக்கூடம், கான், குப்பை, தண்ணீர், இவற்றுக்குத்தானே நாமும் வாக்குப் போடுகிறோம்.

சபையில் நடந்ததையும் கேள். 117 உறுப்பினர்கள், ஆகக் கூடிய ஆசனம் எடுத்த கட்சிக்கு 48, யாருக்கும் பாதி இல்லை. ஜூன் 16 மேயர் தெரிவு. இரகசிய வாக்கெடுப்பாம். 61க்கு 54 என்று முடிந்தது. யார் வென்றதும் எனக்குப் பரவாயில்லை. நாம் தெரிவு செய்து அனுப்பிய ஆள் யாருக்குக் கை உயர்த்தினார் என்று நமக்குத் தெரியவேண்டாமா? வாக்காளனுக்கு இரகசியம் வேண்டும், அவனுக்குப் பதில் சொல்லவேண்டியவனுக்கு எதற்கு? மாமி இதைப் பற்றி ஒரு வாரம் பேசினார். இப்போது நாங்கள் நாலு பேரும் வட்டார உறுப்பினரிடம் மாதம் ஒரு தரம் போகிறோம். கான் மூடி வந்துவிட்டது. புதுசு, நல்ல கனம்.

சரி, இனி எனக்குப் பாரமான விஷயம். கொப்பியோடு நடந்த ஒன்பது வாசலில் ஐந்து வீட்டுக்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள். கிராம உத்தியோகத்தர் சின்னப் பிள்ளை, இரண்டு பிரிவை ஒரே ஆளாகப் பார்க்கிறாள். நாங்கள் கொடுத்த பட்டியலைத் தள்ளிவைக்காமல் அடுத்த திருத்தத்துக்கு எடுத்து வைத்தாள். இரண்டு பேர் யோசிக்கிறார்கள். எட்டாவது வீட்டுக்காரர் ஜூலையில் தன் வாடகைக்காரரைக் கூப்பிட்டு, "பெயர் பதிகிற அளவுக்கு வந்துவிட்டீர்களா?" என்று கேட்டு, மூன்று மாதத்தில் வீட்டை விடச் சொல்லிவிட்டார். கிழவி ஒருத்தி, மகள், இரண்டு பேரப்பிள்ளைகள். நாங்கள் கதவைத் தட்டாமல் இருந்திருந்தால் அவர்கள் பாட்டுக்கு இருந்திருப்பார்கள். கிழவி என்னிடம் கோபிக்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "உங்களுக்கு என்ன தெரியும் பிள்ளை, விடுங்க" என்றார். உம்மா தன் பின்பக்க அறையைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் நாலு பேருக்கு அது காணாது. நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். கிராண்ட்பாஸ் பக்கம் அறை ஏதும் உன் தங்கைக்குத் தெரிந்தால் எழுதச் சொல்.

ஒன்பதாவது வாசல் உன்னுடையது.

நீ கனடாவில், ஸ்காபரோவில் எத்தனை வருடம் பேஸ்மெண்டில் இருந்தாய்? மேலே அந்த ஆள் நடக்கும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தானே எனக்கு இரவில் போன் எடுப்பாய். 2015இல் அங்கே முதல் வாக்குப் போட்டுவிட்டு நீ அழுதாயே, அந்த அட்டை எந்த விலாசத்துக்கு வந்தது? பேஸ்மெண்டுக்குத்தானே? அது வருவதற்கு நீ மேல்வீட்டுக்காரனிடம் கையெழுத்துக் கேட்டாயா? அன்று நீ போனில் சொன்னது எனக்கு அப்படியே மனதில் இருக்கிறது: "இனி என்னை யாரும் எழும்பு, போ என்று சொல்ல ஏலாதடி."

நீ செய்யவேண்டியது பெரிய வேலை இல்லை. படிவம் வரும்போது குடியிருப்பவர்களாக அவர்கள் பெயரை எழுத உனக்கு ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடிதம். தம்பியின் பெயரை நீக்கச் சொல்லி அதிலேயே ஒரு வரி. வாடகை விஷயமோ ஒப்பந்த விஷயமோ எதையும் அதில் எழுதவேண்டாம், மச்சாள் நாலு வரி எழுதித் தந்திருக்கிறாள், இத்துடன் வைத்திருக்கிறேன். பெருங்காயமும் மாமியின் நெத்தலிக் கருவாடும் உன் தங்கை வரும்போது கொடுத்துவிடுகிறேன், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, நீ கையெழுத்துப் போடாவிட்டாலும் கருவாடு வரும்.

கையெழுத்து மட்டும் உன்னுடையதாக இருக்கட்டும். மகனைப் போடவைத்து அனுப்பாதே, எனக்கு உன் எழுத்துத் தெரியும்.

அன்புடன்,
மூலைவீட்டுக்காரி