பெரியப்பா, அது ரயில் பெட்டி இல்லை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நீங்களும் பெரியம்மாவும் இங்கே நியூ ஜெர்சிக்கு வந்திருந்தபோது, எடிசன் என்கிற ஊருக்கு மளிகை வாங்கப் போன ஒரு சனிக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? ரோட்டோரமாக எவர்சில்வர் உடம்போடு, நீளமாக, வரிசையாக ஜன்னல் வைத்து ஒன்று நின்றது. "டேய், மெதுவாப் போ. அது ரயில் பெட்டிதானே?" என்றீர்கள். "ஆமாம் பெரியப்பா, பழைய பெட்டியை ஹோட்டல் ஆக்கியிருக்காங்க" என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் 34 வருஷம் பெட்டிகளின் அடிவயிற்றைத் தட்டிப் பார்த்தவரிடம் சொல்கிற பதிலா அது? கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்டர்ஃபிரேம் எங்கடா?" என்று கேட்டீர்கள். நான் ஏசியைக் கூட்டி வைத்துப் பேச்சை மாற்றினேன்.

போனில் பேசினால் மழை பெய்ததா, சுகர் எவ்வளவு என்பதோடு முடிந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் சந்தேகம் சரி. அது ரயில் பெட்டி இல்லை, ஒருநாளும் தண்டவாளத்தில் ஓடியதும் இல்லை. அதற்குப் பெயர் டைனர்.

ஆரம்பம் குதிரை வண்டி. 1872-ல் ராட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர், ராத்திரி ஷிப்டில் வேலை பார்க்கும் பத்திரிகை ஆபீஸ்காரர்களுக்காக ஒரு வண்டியில் சாண்ட்விச்சும் காபியும் விற்றார். நம்மூர் தள்ளுவண்டிக் கடைதான், குதிரை மட்டும் கூடுதல். அப்புறம் மின்சார டிராம் வந்தது. குதிரை இழுத்த பழைய டிராம் பெட்டிகள் சல்லிசாகக் கிடைக்க, சிலர் அவற்றை வாங்கிச் சாப்பாட்டுக் கடை ஆக்கினார்கள். அந்த அளவுக்கு என் பதிலில் கால்வாசி உண்மை உண்டு. மற்றபடி இவை உணவகமாகவே ஃபேக்டரியில் செய்யப்பட்டவை. மாசசூசெட்ஸில் வூஸ்டர் லஞ்ச் கார் கம்பெனி 1906 முதல் 1957 வரை 651 டைனர்களைக் கட்டியது. நியூ ஜெர்சியிலேயே எலிசபெத் நகரில் ஓமஹோனி கம்பெனி இருந்தது. அடுப்பு, கவுன்டர், ஸ்டூல் எல்லாவற்றையும் பொருத்தி, லாரியிலோ கூட்ஸ் வண்டியிலோ ஏற்றி அனுப்பி, இடத்தில் இறக்கி, தண்ணீர் இணைப்பும் கரண்டும் கொடுத்தால் வியாபாரம் ஆரம்பம். ஏன் இவ்வளவு ஒடுக்கமாக இருக்கிறது என்று கேட்பீர்கள். ரோட்டிலும் ரயிலிலும் எவ்வளவு அகலம் போகுமோ அவ்வளவுதான் அகலம். சாப்பிடுகிறவன் முழங்கையைவிடப் பாலத்தின் அளவு முக்கியம்! அந்தக் காலத்து ரயில்களில் இருந்த சாப்பாட்டுப் பெட்டியின், அதாவது டைனிங் காரின் மவுசைப் பார்த்து, வடிவத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதே ராட் ஐலண்டில் பாடக்கெட் நகரில் உள்ள மாடர்ன் டைனர் என்கிற கடைக்கு ஒரு முனை எஞ்சின் மூக்கு மாதிரி சாய்வாக இருக்கும். 1978-ல் அமெரிக்க அரசின் வரலாற்றுச் சின்னங்கள் பதிவேட்டில் ஏறிய முதல் டைனர் அதுதான்.

சரி, பெட்டியோ டைனரோ, அன்றைக்கே உங்களை உள்ளே அழைத்துப் போயிருக்கலாமே? மாட்டுக்கறிதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜம் வேறு. 11 வருஷமாக அந்த ரோட்டில் போய் வந்தும் நானே உள்ளே காலை வைத்ததில்லை. கவுன்டரில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற அந்த வெள்ளைக்காரக் கிழவர்கள் திரும்பிப் பார்ப்பார்களோ என்று ஒரு கூச்சம். போன பிப்ரவரியில் பனி கொட்டி வீட்டில் கரண்ட் போனது. அந்தக் கடையில் மட்டும் விளக்கு எரிந்தது. குழந்தையைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு போனோம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பரிமாறுகிற அம்மாளுக்கு 60 வயதுக்கு மேல் இருக்கும். யாரைப் பார்த்தாலும் "ஹன்" என்பார், நம்மூரில் "கண்ணு" என்கிற மாதிரி. நான் வாயைத் திறப்பதற்குள் கப்பில் காபி.

அந்தக் காபியைப் பற்றி உங்களிடம் பொய் சொல்ல முடியாது. கும்பகோணத்தில் பெண் எடுத்தவர் நீங்கள், அதைக் காபி என்று ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். ஆனால் ஒருமுறை காசு கொடுத்தால் போதும், கப் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆரஞ்சு நிறக் கைப்பிடி வைத்த ஜாடி வந்தால் அது காஃபின் எடுத்த காபி. ராத்திரியில் அதையே கேளுங்கள்.

மெனு என்பது புத்தகம். நாங்கள் போகிற இந்தக் கடையில் 12 பக்கம், இதில் பாதியைச் சமைப்பார்களா என்றே எனக்குச் சந்தேகம். மீட்லோஃப் என்பது கொத்திய மாட்டுக்கறியை ரொட்டி மாதிரி வேகவைத்து அரிவது, அது நமக்கு வேண்டாம். பக்கத்தில் வரும் உருளைக்கிழங்கு மசியலின் மேல் ஊற்றும் கிரேவியும் பெரும்பாலும் மாட்டுக்கறிச் சாறுதான், கேட்டுத்தான் வாங்க வேண்டும். சிக்கன் பாட் பை சொல்லுங்கள். மேலே மொறுமொறுவென்று மாவு மூடி, கரண்டியால் உடைத்தால் ஆவி வரும், உள்ளே கோழி, கேரட், பட்டாணி எல்லாம் வெள்ளைக் குழம்பில். காரம் கிடையாது, மிளகுத்தூள் டப்பாவைக் கைப்பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவுக்கு ஹோம் ஃப்ரைஸ்: வேகவைத்த உருளைக்கிழங்கை வெங்காயத்தோடு கல்லில் சிவக்க வறுப்பது, அம்மா செய்கிற வறுவலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதோடு சீஸ் வைத்து வாட்டிய ரொட்டி. உங்கள் ஆஃப்பாயிலுக்கு இங்கே "சன்னி சைட் அப்" என்று பெயர். "ஓவர் ஈஸி" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் திருப்பிப் போட்டு எடுத்துவிடுவார்கள்.

கடைக்காரர் கிரேக்கர். நம்மூர் முழுக்க நாயர் டீக்கடை இருந்த மாதிரி, இந்தப் பக்கம் டைனர் என்றால் முதலாளி கிரேக்கராக இருப்பது சர்வ சாதாரணம். அதனால்தான் மெனுவின் 9-ஆம் பக்கத்தில் திடீரென்று பசலைக்கீரை வைத்த ஒரு கிரேக்கப் பணியாரம் வருகிறது. கொஞ்சம் வினோதமான மனிதர். சமையல் ஜன்னலுக்கு மேலே 200 உப்பு டப்பாக்களாவது அடுக்கி வைத்திருக்கிறார். கோழி, பசு, சுதந்திர தேவி, இரண்டு வான்கோழி. மேஜைக்கு மேஜை ஒரு குட்டிப் பாட்டுப்பெட்டி உண்டு, ஒன்றும் பாடாது. என் மகள் இதுவரை ஒன்றே கால் டாலர் போட்டிருக்கிறாள். சுவர்க் கடிகாரம் 20 நிமிஷம் வேகம். ரிப்பேர் செய்தால் என்ன என்று கேட்டேன். "அப்புறம் எல்லாரும் தாமதமாக எழுந்து போவார்கள்" என்றார்.

கடைசியில் ரைஸ் புட்டிங் கட்டாயம். பால் பாயசத்தை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் மேலே பட்டைத்தூள் தூவிய மாதிரி இருக்கும். பெரியம்மா முதல் வாயில் முகம் சுளிப்பார், கிண்ணம் காலியாகும்.

பில் வந்தவுடன் உங்களுக்கும் எனக்கும் சண்டை வரும், டிப்ஸுக்காக. 100-க்கு 20 வைப்பேன். "எதுக்குடா இவ்வளவு" என்று அந்த அம்மாள் முன்னால் கேட்டுவிடாதீர்கள். டிப்ஸ் வாங்குகிறவர்களுக்கு முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்திய சட்டப்படி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991-லிருந்து அதே தொகை. நியூ ஜெர்சியில் சட்டம் அதைவிடக் கூடுதலாகச் சொல்கிறது, ஆனாலும் அவர் வீட்டு வாடகை நம் மேஜையிலிருந்துதான் போகிறது. யூனியனில் இருந்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒன்று பாக்கி. ரயில் பெட்டியில் கட்டியவன் பெயர் போட்ட தகடு எங்கே இருக்கும் என்று சின்ன வயதில் எனக்குக் காட்டியிருக்கிறீர்கள். போன வாரம் அந்தப் புத்தி வந்து தேடினேன். வாசல் கதவுக்கு மேலே, உள்பக்கம், உள்ளங்கை அளவுக்கு ஒரு தகடு இருக்கிறது. மேலே நாலைந்து கோட் பெயின்ட் அடித்து மூடிவிட்டார்கள், ஒரு எழுத்தும் தெரியவில்லை. கடைக்காரரிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். ஏணி தருகிறேன், வந்து சுரண்டிப் பார்க்கட்டும் என்றார். மே மாதத்துக்கு டிக்கெட் பார்க்கட்டுமா?

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்