தண்டவாளத்தை எடுங்கள், பாதையைத் துண்டாடாதீர்கள்

ரயில் நின்றுபோன பாதைகளைக் கையில் வைத்திருக்கும் ரயில்வே நிர்வாகங்களுக்கும், அவை கடந்துபோகும் ஊர்களின் உள்ளாட்சி மன்றங்களுக்கும்,

வணக்கம்.

கடைசி ரயில் போன பிறகு நடப்பது எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தண்டவாளம் பழைய இரும்பாக ஏலம் போகிறது. முள் மண்டுகிறது. பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாக நிலம் விற்பனைக்கு வருகிறது. அந்த விற்பனையை நிறுத்தி, பாதையை நடப்பவர்களுக்கும் சைக்கிள் மிதிப்பவர்களுக்கும் திறந்துவிடக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

அறுபடாமல் நீள்வதால்தான் அந்த நிலத்துக்கு மதிப்பு. ஐம்பது கிலோமீட்டர் பாதையின் நடுவில் நூறு மீட்டரை விற்றால், மிஞ்சுவது இரண்டு முட்டுச்சந்துகள். அதைத் திரும்பச் சேர்க்க எத்தனை உரிமையாளர்களிடம் போய் நிற்க வேண்டும், எத்தனை வழக்குகளைத் தாண்ட வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

அந்தப் பாதை போடப்பட்ட விதத்தையும் நினைத்துப் பாருங்கள். நீராவி இஞ்சின் மேட்டில் திணறும். அதனால் பள்ளத்தில் மண் கொட்டிக் கரை எழுப்பினார்கள், குன்றை வெட்டினார்கள், வெட்ட முடியாத இடத்தில் குடைந்தார்கள். பெரும்பாலான இடங்களில் நூறு மீட்டருக்கு ஓரிரு மீட்டர்தான் ஏற்றம். இஞ்சினுக்காகச் செய்த அந்த உழைப்பு, முழங்கால் தேய்ந்த முதியவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் சைக்கிள் பழகும் பிள்ளைக்கும் இன்று அப்படியே உதவும். லாரியும் பேருந்தும் விரையும் சாலையில் இவர்கள் எங்கே போவார்கள்?

செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் எல்ராய் - ஸ்பார்ட்டா பாதை 1960களிலேயே திறக்கப்பட்டது; மூன்று ரயில் குகைகள் வழியாக அது போகிறது. நியூசிலாந்தின் ஒடாகோவில் 1990இல் ரயில் நின்ற பாதை, 2000இல் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் நடை, சைக்கிள் பாதையாகத் திறந்தது. வழிநெடுக உள்ள சிற்றூர்களில் தங்குமிடமும் சாப்பாட்டுக் கடையும் நடத்திப் பலர் பிழைக்கிறார்கள்.

‘நாளை ரயில் தேவைப்பட்டால்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அமெரிக்கா 1983இல் சட்டத்திலேயே இதற்கு வழி செய்தது: தடத்தை முழுதாக வைத்திருந்து இடைக்காலத்தில் மக்கள் நடக்கலாம், ரயில் வேண்டுமென்றால் திருப்பித் தரலாம். துண்டு துண்டாக விற்ற நிலத்தில் அது நடக்காது.

வேலை எளிது என்று சொல்ல மாட்டேன். பழைய ஸ்லீப்பர் கட்டைகளில், மரம் உளுக்காமல் இருக்கப் பூசும் கிரியோசோட் என்ற நச்சு எண்ணெய் ஊறியிருக்கும். அவற்றை எரிக்கவும் கூடாது, பூங்கா இருக்கையாக்கவும் கூடாது. களைக்கொல்லி தெளித்த மண்ணில் ஆர்சனிக் என்ற நஞ்சு தங்கியிருக்கலாம். முதலில் மண் பரிசோதனை வேண்டும். ரயில் ஜல்லியின் மேல் நடக்கவும் முடியாது, சைக்கிள் மிதிக்கவும் முடியாது. அதைச் சமப்படுத்தி, மேலே கல்தூள் கொட்டி உருளை ஓட்டி இறுக்க வேண்டும். ஓரக் கால்வாய்களையும் சிறுபாலங்களையும் தூர்வாராமல் விட்டால் முதல் பெருமழையிலேயே கரை அரித்துவிடும். சாலையைக் கடக்கும் இடங்களில் கேட்மேன் இருக்க மாட்டார். வேகத்தடையும் எச்சரிக்கைப் பலகையும் இல்லாமல் திறக்காதீர்கள்.

தடத்தை ஒட்டி வாழ்பவர்களிடம் திட்டம் முடிவான பிறகு போகாதீர்கள். கொல்லைப்புறத்தை எட்டிப் பார்ப்பார்களே, திருடர் வருவார்களே, மாட்டை எப்படி அக்கரைக்கு ஓட்டுவது என்று கேட்பார்கள். அந்தப் பயங்களை அற்பம் என்று ஒதுக்க வேண்டாம். எங்கே வேலி, எங்கே கதவு, எங்கே குறுக்குவழி என்பதை அவர்களோடு நடந்தே முடிவு செய்யுங்கள்.

பணம் இப்போது இல்லையென்றால் பத்து ஆண்டு கழித்துக்கூடப் பாதை போடலாம். அதுவரை நிலம் ஒன்றாக இருக்க வேண்டும், பாலங்கள் நிற்க வேண்டும். ரயிலின் எடைக்காகக் கட்டிய பாலத்தைப் பராமரித்து வந்தால், நடப்பவர் பாரம் அதற்கு ஒன்றுமே இல்லை. இரும்பு விலைக்குக் கழற்றிவிட்டால் புதிதாகக் கட்டும் செலவே திட்டத்தை முடக்கிவிடும். பாலத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களான கார்டர்களைக் கழற்ற எங்காவது ஒப்பந்தம் விட்டிருந்தால், அதை முதலில் நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
தினமும் நடக்கும், சைக்கிள் மிதிக்கும் ஒருவர்