வட்டச் செவிலியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

வணக்கம் சகோதரிகளே. செயற்குழு நான்கு முறை கூடியது. மகளிர் தினம் கொண்டாடினோம். ஓய்வு பெற்ற இருவருக்குப் பாராட்டு விழா நடந்தது.

அப்புறம், களத்தில் கண்ட வழிகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள நான் தொடங்கிய மாதாந்திர இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டம். இது எதற்கு என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள், அதனால் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். பேதியாகும் குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலோடு ஜிங்க் (துத்தநாக) மாத்திரையும் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃப்பும் 2004இலேயே சொல்லிவிட்டன. நமக்கும் சுற்றறிக்கை வந்தது, பயிற்சியும் நடந்தது. ஆனால் பேதி நின்றதுமே மாத்திரையை நிறுத்திவிடும் தாயை 14 நாளும் கொடுக்க வைப்பது எப்படி என்று அதில் எங்கே இருந்தது? மலையடிவாரத் துணை சுகாதார நிலையச் சகோதரி ஒருவர், மாத்திரை அட்டையின் பின்னால் முடிகிற தேதியை எழுதிக் கொடுத்து, காலி அட்டையைத் தடுப்பூசி நாளில் கொண்டுவரச் சொல்வதாகக் கூட்டத்தில் சொன்னார். அடுத்த மாதமே ஆறு பேர் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், டம்ளருக்குக் கொஞ்சமாகப் போடக்கூடாது என்பதையும் பாட்டிமார்களுக்குப் புரியவைக்கும் வழி இப்படிப் பேசிப் பேசித்தான் கிடைத்தது.

சுற்றறிக்கை மட்டும் போதாது, ஆளுக்கு ஆள் சொல்லித்தான் போய்ச் சேரும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பு 1980 முதல் வீடு வீடாகப் பெண்களை அனுப்பி உப்பு, வெல்லக் கரைசலைக் கற்றுக்கொடுத்தது. பின்னால் வேறொருவர் போய்க் கேட்கும்போது தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் கற்றுக்கொடுத்தவருக்குச் சம்பளம். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அப்படிப் போய்ச் சேர்ந்தது.

நாம் 58 பேர். எந்தக் கூட்டத்துக்கும் 19 பேருக்கு மேல் வரவில்லை. வேலைப்பளு எனக்கும் தெரியும், நானும் களத்தில்தான் இருக்கிறேன். ஆனால் வராதவர்களின் ஊர்க் குழந்தைகளுக்கு இந்த விஷயம் யார் மூலம் போகும்? சந்தா 300 ரூபாயை 31 பேர் இன்னும் கட்டவில்லை, மூன்று முறை போன் செய்துவிட்டேன்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாகிவிட்டன, கணக்குப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது. டீ செலவைச் சில மாதம் நானே பார்த்துக்கொண்டேன். இடம் தந்த பள்ளிக்கும் பொருளாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டு பாம்புக்கடி முதலுதவியை எடுக்க ஆசை. கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. 19 பேரை வைத்துக்கொண்டு அதைத் தொடங்கலாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சந்தா ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது, மதியச் சாப்பாடு வரை நானும் அங்கேதான் இருப்பேன்.